பட்டத்துக்குப் பிறகு – 9: பணம் எப்போது வரும்?

இளங்கலை கடைசிப் பருவத்தோடு புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் நின்றுவிடும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திட்டம் அது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கணக்கில் மாதாமாதம் விழும் பணம். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே போலத்தான். ஐடிஐ, பட்டயம், இளங்கலை, அதோடு சரி. எம்.ஏ.வுக்கும் எம்.எஸ்சி.க்கும் ஆயிரம் கிடையாது. முதல் பட்டதாரி சான்றிதழும் இளங்கலைத் தொழிற்படிப்பில் சேரும்போது உதவியதுதான். வீட்டின் முதல் பட்டதாரி பட்டம் வாங்கிவிட்டால், அரசின் பார்வையில் அவர் கரையேறிவிட்டார்.

சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையத்தில் ஒரு பெண் பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சேலத்திலோ சிதம்பரத்திலோ எம்.எஸ்சி. படிக்க ஆசை. "அதான் டிகிரி முடிச்சாச்சே பாப்பா, இன்னும் எதுக்கு?" என்று அப்பா கேட்கிறார். படிப்பின் மேல் வெறுப்பு வந்து கேட்கிற கேள்வி இல்லை இது. முதுகலைச் சேர்க்கை நடப்பது ஜூலை, ஆகஸ்டில். அந்தப் பக்கத்தில் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் உழவு, விதை, உரம் என்று காசு போய்க்கொண்டே இருக்கும் மாதங்கள் அவை. சோளம் காசாவதற்குத் தை பிறக்க வேண்டும். கல்லூரியோ ஆடியில் கட்டு என்கிறது.

இந்தத் தொடரில் இதுவரை எந்தப் படிப்புக்கு எவ்வளவு கிடைக்கும் என்றே பேசிவந்தோம். வாசகர்கள் பலரும் அந்தத் தொகைகளைத்தான் கேட்கிறார்கள். ஆனால் வீட்டில் முடிவெடுப்பது தொகையை வைத்து அல்ல, தேதியை வைத்துத்தான். அதனால் இந்த வாரம் தேதிக் கணக்கு.

பழைய கதை ஒன்று. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜனுக்கு உதவித்தொகை கிடைத்தது. கணக்கைத் தவிர வேறு எதையும் தொடாமல் விட்டதில் ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பருவக் கட்டணம் 32 ரூபாய். புடவைக் கடையில் கணக்கெழுதிய அப்பாவின் சம்பளம் மாதம் ஏறக்குறைய 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்த்தும் பலிக்கவில்லை. சில மாதங்கள் சமாளித்துப் பார்த்துவிட்டு, 1905இல் பையன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார்.

எட்டு ஆண்டு கழித்து இதன் மறுபக்கம். சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1913 மே முதல் தேதியிலிருந்து, இரண்டு ஆண்டுக்கு. முதுகலைப் பட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. இவரிடம் இளங்கலைகூட இல்லை. பல்கலைக்கழகச் சட்டத்தின் முகப்பிலேயே ஆராய்ச்சியை வளர்ப்பது என்று எழுதியிருக்கிறதே என்று சிண்டிகேட்டில் எடுத்துச் சொல்லித்தான் அந்த விதியைத் தாண்டினார்கள். பதிலுக்கு ராமானுஜன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைய பிஎச்.டி. மாணவர்களுக்கு அந்தச் சள்ளை நன்றாகப் புரியும். ஆனால் வேலையில் வாங்கியதுபோல் இரண்டரை மடங்கு, அதுவும் மாதாமாதம். வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்ற தைரியம் அப்படித்தான் வருகிறது.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரியிலும் அரசு உதவிபெறும் கல்லூரியிலும் மூன்றாண்டு இளங்கலை படிக்க வருமான வரம்பு கேட்பதில்லை. அதே பிள்ளை அதே கல்லூரியில் முதுகலைக்குப் போனால் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு வகுத்தால் 20,833 ரூபாய். அப்பா லாரி ஓட்டி, அம்மா தனியார் பள்ளியில் ஆயா வேலை பார்த்தாலே தாண்டிவிடக்கூடிய கோடு. இட ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் என்று ஒதுக்க மத்திய அரசு வைத்திருக்கும் கோடு 8 லட்சம். மூன்று லட்சம் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளை இட ஒதுக்கீட்டுக்குப் பின்தங்கியவர், உதவித்தொகைக்கு வசதியானவர்! யாராவது உட்கார்ந்து இந்த இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

எனவே முதல் வேலை வருமானச் சான்று. இளங்கலையில் கேட்காததால் பல வீடுகளில் அது கைவசம் இருக்காது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேலே போய் வர வேண்டும். சேர்க்கைப் பட்டியல் வந்த பிறகு ஓடினால் சிரமம். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மே மாதமே சரியான நேரம்.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இந்த நாட்டின் பழைய திட்டங்களில் ஒன்று. பட்டியல் சாதியினருக்கு 1944இல், சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது. முதுகலைக்கும் உண்டு. இதற்கும் வரம்பு இரண்டரை லட்சம்தான். பட்டியல் சாதி மாணவர்களுக்குக் கட்டணம் போகத் தனியே பராமரிப்புப் படியும் உண்டு: எம்.ஏ., எம்.எஸ்சி. போன்ற படிப்பில் விடுதியில் தங்குகிறவருக்கு ஆண்டுக்கு 6,000, வீட்டிலிருந்து போகிறவருக்கு 3,000. தொழில்சார் முதுகலையில் 13,500, 7,000.

பணம் ஏன் தாமதமாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் அடங்கும், பாதி அதிகமாகும். பட்டியல் சாதியினருக்கான திட்டத்தில், 2021இல் திருத்திய முறைப்படி செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது, 40 மாநிலத்துடையது. மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகுதான் மத்திய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கு நேரே வரும். அதற்கு முன்னால் கல்லூரி சரிபார்க்க வேண்டும், மாவட்ட அலுவலகம் சரிபார்க்க வேண்டும், வங்கிக் கணக்கு ஆதாரோடு பொருந்த வேண்டும். இதில் எங்கே ஒரு எழுத்து மாறினாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்திருப்பது வேறு. அரசுப் பணம் வந்து விழ வேண்டிய கணக்காக அது பதிவாகியிருப்பது வேறு. இரண்டு வங்கியில் கணக்கு வைத்திருக்கிறவர்கள் கடைசியாக எதில் ஆதாரை இணைத்தோம் என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. பள்ளியில் திறந்த பழைய கணக்கில் பணம் விழுந்து, அந்தக் கணக்கே முடங்கிக் கிடக்கும் கதை ஊருக்கு ஊர் உண்டு.

தேதிக் கணக்குக்கு உண்மையான தீர்வு ஒன்று இந்தத் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஃப்ரீஷிப் கார்டு. தகுதியுள்ள ஆதிதிராவிட, பழங்குடி மாணவர் இதைக் காட்டினால் முன்பணம் கட்டாமல் கல்லூரியில் சேரலாம். உதவித்தொகை கணக்குக்கு வந்ததும் கட்டணத்தைக் கல்லூரிக்குச் செலுத்த வேண்டும். தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. சேர்கிற வீடுகள் கந்துவட்டிக்குப் போகாமல் இருக்க இது ஒன்றே போதும். இருந்தும் இதன் பெயரையே கேள்விப்படாத பெற்றோர் அதிகம். கல்லூரி அலுவலகத்தில் "அதெல்லாம் இங்க இல்லீங்க" என்று சொன்னால் அதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்னொரு விதி பலரைக் கவிழ்த்துவிடுகிறது. ஒரே நிலைப் படிப்பை இரண்டாம் முறை வேறு பாடத்தில் படித்தால் போஸ்ட் மெட்ரிக் கிடையாது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, வேலை கிடைக்கவில்லை என்று எம்.ஏ. வரலாறு சேர்ந்தால் கைக்காசுதான். எந்த முதுகலை என்பதை நிதானமாக முடிவுசெய்யச் சொல்வது இதனால்தான்.

நைனார்பாளையத்திலிருந்து வடமேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அங்கே கதை வேறு. 1976 வரை அந்த மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அதற்குப் பின் பிறந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று முதுகலை வாசலில் நிற்கிறார்கள். மலையாளிப் பழங்குடியினருக்குத் திட்டங்கள் நிறையவே உண்டு; எல்லாவற்றுக்கும் சாவி சாதிச் சான்று. பட்டியல் சாதிக்குத் தாசில்தார் கொடுக்கலாம், பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைக்கு அது மலையிறங்கி, மலையேறும் வேலை. வீட்டில் கூலி வேலைக்கு வெளியூர் போனவர்கள் திரும்பும்வரை நிற்கும் வேலையும்கூட. அதிலும் ஒரு விசித்திரம்: பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் மாவட்டக் குறிப்போடு இருக்கிறது. சேலம், விழுப்புரம், தருமபுரி, திருவண்ணாமலை எல்லாம் உண்டு, ஈரோடு இல்லை. பர்கூர் மலையில் இருக்கும் அதே இனத்தார் இதனால் பழங்குடிச் சான்றே பெற முடியாமல் நிற்கிறார்கள். கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி, பட்டியலில் உள்ள விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பரில்தான் பிரிந்து தனி மாவட்டமானது. அதனால் இந்த மலைக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை, தாமதம் மட்டும்தான்.

சாதி, வருமானம் பாராமல் மதிப்பெண்ணுக்குத் தருவதும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுகலை உதவித்தொகையில் மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து மாதம், இரண்டு ஆண்டு. நாடு முழுக்க 10,000 பேருக்கு. அதில் 30 விழுக்காடு பெண்களுக்கு. இளங்கலை மதிப்பெண்தான் அளவுகோல், வயது 30க்குள் இருக்க வேண்டும், தொலைநிலைப் படிப்புக்குக் கிடையாது. அண்ணாமலை, பெரியார் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு சேர்கிறவர்கள் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இதற்கு விண்ணப்பிக்கிறார்களா என்றால், மிகச் சிலரே. சேர்ந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால் ஆடி மாதக் கட்டணத்துக்கு இது உதவாது. ஆனால் இரண்டாம் ஆண்டை இது தாங்கிவிடும்.

பொறியியல்காரர்களுக்கு கேட் தேர்வு வழி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400. பத்தாண்டுக்கு மேலாக அதே தொகை. இடையில் ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023 ஜனவரியிலிருந்து 37,000 என்று ஏறிவிட்டது. எம்.டெக். மாணவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஜேஆர்எஃப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம், எழுதுவேன். இப்போதைக்கு ஒன்று. அதற்கான நெட் தேர்வை எம்.ஏ. கடைசி ஆண்டிலேயே எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர். தமிழ் இலக்கியம் படித்தவரும் முதல் தாளை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான், இலக்கியத்தில் அல்ல. ஜேஆர்எஃப் கிடைக்காமல் முழுநேர பிஎச்.டி. சேர்ந்த ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் தருகிறது. மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். சிதம்பரத்தில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் மிச்சம் வேதிப்பொருள் வாங்கக் காணாது.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் கடிதம் போனது 40 பேருக்கு. மற்றவர்களுக்கு நிதி வந்தால் என்றார்கள். தேர்வாவதும் பணம் வருவதும் இரண்டு தனித்தனிச் செய்திகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் வரை உண்டு. இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

இத்தனைக்கும் நடுவில், கேட்டவுடன் கிடைக்கிற உதவி ஒன்று உண்டென்றால் அது விடுதி. 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்களே, அவைதான். கல்லூரி மாணவருக்கு உணவுக்காக அரசு மாதம் 1,500 ரூபாய் ஒதுக்குகிறது. 50 ரூபாயில் ஒருநாள் சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கட்டடங்களின் நிலையும் ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் சேர்ந்த நாளிலிருந்து வாடகையும் சோறும் மிச்சமாவது இங்கேதான். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே எட்டு கிலோமீட்டராவது தூரம் இருக்க வேண்டும் என்ற விதி பெண்களுக்குப் பொருந்தாது. நைனார்பாளையத்துப் பெண் முதலில் நிரப்ப வேண்டியது உதவித்தொகைப் படிவத்தை அல்ல, விடுதிப் படிவத்தை. இடம் கிடைத்துவிட்டால் அப்பாவிடம் பேச வேண்டியது ஆடி மாதக் கட்டணம் ஒன்றைப் பற்றித்தான்.

அந்த ஒரு கட்டணத்துக்குக் கல்விக்கடன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு அடுத்த வாரம். அதற்குள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மத்திய அரசின் வட்டி மானியம் வாழ்நாளில் ஒருமுறைதான், இளங்கலைக்கோ முதுகலைக்கோ. அண்ணன் பி.இ.க்கு வாங்கியது தங்கையைப் பாதிக்காது. பி.இ.க்கு வாங்கிய அண்ணனே எம்.பி.ஏ.வுக்கு மறுபடி கேட்டால் கிடைக்காது.