கொடுத்தால் சிறை!

திருடினவனைச் சிறையில் தள்ளுவார்கள், அறிவோம். அள்ளிக் கொடுத்தவனைச் சிறையில் தள்ளிய நாடு ஒன்று உண்டென்றால் நம்புவீர்களா, தோழர்களே? உண்டு! கனடா என்று அதற்குப் பெயர்.

அந்நாட்டின் மேற்குக் கடற்கரைத் தீவுகளிலே குவாக்வகேவாக் முதலான பூர்வகுடிகள் வாழ்கின்றனர். வெள்ளையரின் கப்பல் கரை தொடுமுன்பே அவர்களிடம் ஒரு விழா இருந்தது. பாட்லாட்ச் என்பார்கள். திருமணமா, பெயர் சூட்டலா, இறந்தவர் நினைவா, ஊரைக் கூட்டுவார்கள். முகமூடி அணிந்து ஆடுவார்கள். வந்தவருக்கெல்லாம் கம்பளியும் மாவும் வாரி வழங்குவார்கள். நம்மூர் விருந்திலே வந்தவர் மொய் எழுதுவார். அங்கே அழைத்தவரே கொடுப்பார். பெற்றுக்கொண்டவர் சாட்சி! இன்ன பட்டம், இன்ன உரிமை இன்னாருக்கு என்பதற்கு அந்தக் கூட்டமே பத்திரம், அந்தக் கூட்டமே பதிவு அலுவலகம்.

ஒட்டாவாவின் ஆளவந்தார்களுக்கு இது பொறுக்கவில்லை. வீண் செலவாம்! நாகரிகத்துக்குத் தடையாம்! பாதிரிமார் தூபம் போட்டனர். 1884-இல் சட்டம் பிறந்தது. விழா நடத்தினாலும் துணை நின்றாலும் இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. சேர்த்துப் பூட்டுவது நாகரிகம், பகிர்ந்து கொடுப்பது காட்டுமிராண்டித்தனம்! கொடுத்த கம்பளி யார் வீட்டுக் கம்பளி? இவர்கள் கஜானாவிலிருந்தா போயிற்று?

1921 டிசம்பரில் வில்லேஜ் தீவிலே டான் கிரான்மர் என்பவர் பெருவிழா எடுத்தார். அரசாங்க முகவர் வில்லியம் ஹாலிடேயின் காதுக்கு எட்டியது. வழக்குகள் பாய்ந்தன. குற்றப்பட்டியலைக் கேளுங்கள்: நடனம் ஆடினார், பரிசு சுமந்தார், சொற்பொழிவாற்றினார்! (அந்தச் சட்டம் இங்கிருந்தால் மேடையேறும் நம்மவர் ஒருவராவது வெளியே இருப்போமா?)

பிறகு நடந்தது பேரம். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஊரோடு ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும், இல்லையேல் சிறை. பாட்டன் விட்டுச் சென்றதைக் காத்தால் பேரனுக்கு விலங்கு. பேரனை மீட்டால் பாட்டன் சொத்து பறிபோகும். பலர் கண்ணீரோடு கொடுத்தனர். ஏறத்தாழ 20 பேர் ஓகல்லா சிறைக்குப் போயினர்.

காட்டுமிராண்டிப் பொருள்கள் ஆயிற்றே, கொளுத்தினார்களா? அதுதான் இல்லை! அலர்ட் பே மாதாகோயில் கூடத்திலே அடுக்கிவைத்துக் கட்டணம் வாங்கிக் காட்டினார்கள். பெரும்பகுதி அருங்காட்சியகங்களுக்குப் போயிற்று. ஒரு பகுதியை நியூயார்க்கின் ஜார்ஜ் ஹேய் விலைக்கு வாங்கினார். உரியவன் கையில் இருந்தால் அநாகரிகம், சீமான் கைக்குப் போனால் கலைச்செல்வம்!

விழா செத்ததா? இல்லை. புயல் வீசும் நாளாகப் பார்த்து, காவலர் படகு நெருங்க முடியாத இடமாகப் பார்த்து ஆடினார்கள். 1951-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தத் தடை சந்தடியின்றி நழுவியது. பொருள்களைத் திருப்பிக் கேட்டபோதோ, அருங்காட்சியகம் கட்டினால்தான் தருவோம் என்று ஒரு நிபந்தனை! கொண்டுபோனவன் உடையவனுக்கு விதிக்கிறான்! கட்டினார்கள். 1980-இல் அலர்ட் பேயில் உமிஸ்டா பண்பாட்டு மையம் திறந்தது. உமிஸ்டா என்றால், பகைவரிடம் சிறைப்பட்டவர் வீடு திரும்புதல். அங்கே முகமூடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. இத்தனை காலம் பூட்டிக் கிடந்தது போதும் என்று திறந்தே வைத்திருக்கிறார்கள்.