மென்மதுவின் கணக்கு



மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்தது ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் ஆலயமும் முத்தையன்கட்டுக் குளமும் அப்பகுதிக்குப் பெருமை சேர்ப்பன. அவ்வூரை நினைந்துகொண்டு ஜேர்மனி தேசத்துப் பானம் ஒன்றைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், ஜேர்மானியர் ஆக்கும் வெறி குறைந்த லாகர் பியரும், வன்னிப் பனையில் ஊறும் கள்ளும் ஒரே இயற்கை விதிக்கு அடங்கியவை. ஒன்று குளிரை நம்பி நிற்பது. மற்றது நேரத்தை நம்பி நிற்பது. அவ்வேறுபாட்டை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

மதுவம் என்பது தனித்தனியே கண்ணுக்குப் புலனாகாத ஒரு நுண்ணுயிர். அது சீனியை உண்டு, நிறையளவில் ஏறக்குறையச் சரிபாதியை அற்ககோலாகவும், மறுபாதியைக் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. இதனையே நொதித்தல் என்கிறோம். கள் நுரைப்பதும் பியர் பொங்குவதும் அவ்வாயுவின் செயலே. ஆகவே, ஒரு பானம் எவ்வளவு வெறி கொள்ளக்கூடும் என்பதைத் தொடக்கத்தில் அதிலிருந்த சீனியின் அளவே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது.

பியருக்கு மூலப்பொருள் வாற்கோதுமை. அதில் இருப்பது பெரிதும் மாப்பொருளேயன்றிச் சீனியன்று. ஆதலால் தானியத்தை நனைத்து முளைக்கவிட்டு, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறவைப்பர். முளையில் தோன்றிய நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக்கும். அச்சாற்றை வடித்து, ஹொப் என்னும் கொடியின் கசப்பான பூவையிட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவம் சேர்ப்பர். நூறு பங்கு நிறையுள்ள சாற்றிலே கரைந்த பொருள் 12 பங்காயின், கிடைக்கும் பியரில் அற்ககோல் சுமார் 5 வீதமாகும். அதனை 7 அல்லது 8 பங்காகக் குறைத்தால் சுமார் 3 வீதமே தேறும். இதுவே மென்பியரின் முதற்கணக்கு.

ஆனால் சாற்றில் நீரைக் கூட்டினால் மட்டும் போதாது, பானம் சப்பென்றாகிவிடும். எனவே கைதேர்ந்தோர், தானியத்தை 63 பாகை செல்சியசில் ஊறவைப்பதற்குப் பதிலாக 69 பாகையளவில் ஊறவைப்பர். அவ்வெப்பத்தில், மதுவத்தால் உண்ணமுடியாத பொருள்கள் கூடுதலாக உண்டாகும். அவை பானத்திலேயே தங்கி, அதற்கு நாவில் நிற்கும் தடிப்பைத் தருகின்றன.

அடுத்தது குளிர். சேமித்து வைத்தல் எனப் பொருள்படும் ஜேர்மானியச் சொல்லிலிருந்தே லாகர் என்னும் பெயர் பிறந்தது. பவேரிய நாட்டில் 1553 ஆம் ஆண்டில், கோடைக்காலத்தில் பியர் ஆக்குதல் தடைசெய்யப்பட்டது. வெப்பத்தில் ஆக்கிய பியர் கெட்டுவிடுதல் அனுபவத்தில் கண்ட உண்மை. லாகர் மதுவம் 8 முதல் 12 பாகை வரையில் ஆறுதலாக வேலை செய்வது. பின்னர் பானத்தை உறைநிலையை அண்டிய குளிரிலே பல வாரங்கள் தெளியவைப்பர். 1870 களில் காள் வொன் லிண்டே என்பவர் குளிரூட்டும் பொறியை அமைத்த பின்னரே, ஆண்டு முழுவதும் இத்தொழிலை நடத்த இயன்றது. வெப்பம் மிகுந்தால் மதுவம் வேண்டாத மணங்களைப் பிறப்பிக்கும். தடித்த பியரில் அவை மறைந்துபோகலாம். மென்பியரிலோ மறைய இடமில்லை.

இனி ஒட்டுசுட்டானை எண்ணிப் பாருங்கள். நிழலிலும் 30 பாகையளவு வெப்பம் நிலவும் ஊர் அது. வாரக்கணக்கான குளிரை அங்கே மின்சாரத்தைக் கொண்டே உண்டாக்கவேண்டும். இலங்கையின் பழைய பியர்த் தொழில் கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் வேரூன்றியதன் பொருத்தம் இதனால் விளங்கும். அன்றியும், 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குதல் குற்றமாகும் என்பதையும் மறத்தலாகாது.

வன்னியின் வெப்பத்துக்கு இசைந்த மென்மது பனங்கள்ளே. சீவல் தொழிலாளி தளைநாரிட்டுப் பனையேறி, காலையும் மாலையும் பாளையைச் சீவி முட்டி கட்டுகிறார். ஊறும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சீனி உண்டு. முளைக்கவைத்தலும் கொதிக்கவைத்தலும் இங்கே வேண்டா. மதுவத்தைக்கூட ஒருவரும் இடுவதில்லை. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியிலும் அது முன்னரே இருக்கின்றது. சாறு சொட்டத் தொடங்கியதும் நொதித்தலும் தொடங்கிவிடுகிறது. குளிர்நாட்டில் இருவாரம் செல்லும் வேலை இங்கே சில மணி நேரத்தில் நடந்தேறுகின்றது. காலையில் இறக்கிய கள் இனிப்பும் இளநுரையும் உடையது. பொழுது ஏற ஏற இனிப்புக் குறைந்து வெறி கூடும். பொதுவாக அது 4 முதல் 6 வீதம்வரை செல்லும். மறுநாளோ வேறு நுண்ணுயிர்கள் அற்ககோலைப் புளிக்கச்செய்து வினாகிரியாக்கத் தொடங்கும்.

ஆகவே, பியரின் மென்மை சீனியின் அளவால் முன்னரே வரையறுக்கப்படுகின்றது; கள்ளின் மென்மை அதனை இறக்கிய நேரத்தாலும் முட்டியின் துப்புரவாலும் அமைகின்றது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் நொதித்தலே தடைப்படும். அப்போது கிடைப்பது கருப்பநீர். அதனைக் காய்ச்சினால் பனங்கட்டியாம். நொதித்த கள்ளை மிதமாகச் சூடாக்கிப் போத்தலில் அடைத்தால் நுண்ணுயிர்கள் மடிய, அது நெடுநாள் நிற்கும். பியரைக் கெடுக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி லூயி பாஸ்டர் 1876 இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இவ்வழியையே விளக்கியது.

மென்மது என்றதனால் அது தீங்கற்றதென்று எண்ணுதல் தவறு. 750 மில்லிலீற்றர் கொண்ட ஒரு போத்தல் 5 வீதக் கள்ளில் 37.5 மில்லிலீற்றர் அற்ககோல் உண்டு. 3 வீதப் பியர் இரண்டு போத்தல் அருந்துபவர் 45 மில்லிலீற்றரை உட்கொள்கிறார். வெறி குறைந்ததை அருந்தியவரே கூடுதலாக அருந்தியவராகிறார்! ஒளித்துக் காய்ச்சும் கசிப்போ இவ்வகையிலேயே சேராது. அது ஆவியாக்கி வடிக்கப்படுவதால் வெறி பன்மடங்காகின்றது. அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் குடிப்பவர் அறியார். ஊரில் கள் அருகிய இடத்தைக் கசிப்பு நிரப்புமாயின், அது குடும்பங்களுக்கே கேடாகும்.

பனை பாளை தள்ளப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். 2009 இல் முடிவுற்ற போரிலே, வன்னியின் எண்ணற்ற பனைகள் காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்டும் எறிகணைகளால் தலையிழந்தும் அழிந்தன. அவற்றுக்கு ஈடாக இன்று ஊன்றும் விதை, அடுத்த தலைமுறைக்கே பயன் தரும். அப்பயன் கள்ளாக வேண்டுமா, கருப்பநீராக வேண்டுமா, பனங்கட்டியாக வேண்டுமா என்பதை முட்டியிற் பூசும் சுண்ணாம்பே தீர்மானிக்கும். ஆனால் மரம் நின்றால் அன்றோ அந்தத் தெரிவும் நமக்கு உண்டு!