காணாமற்போன கோப்பு அழிந்த கோப்பு அன்று

வைப்புத்தொகை ரசீதுகள், வருமான வரிப் படிவங்கள், கணக்கு அறிக்கைகள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் படிகள் என முன்னர் பீரோவில் வைத்துப் பேணிய ஆவணங்களை இன்று நாம் கணினியிலும் பென் டிரைவிலும் சேமித்து வைக்கிறோம். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்தப் பென் டிரைவைச் செருகும்போது, கோப்புறைகள் இருந்த இடத்தில் ‘ஷார்ட்கட்’ சின்னங்கள் மட்டுமே தென்படலாம். அல்லது சாளரம் முழுவதும் வெறுமையாக இருக்கலாம். பல ஆண்டுச் சேமிப்பு பறிபோயிற்று என்று மனம் பதறுவது இயல்பே. ஆயினும் இத்தகைய நிலையில் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருப்பதில்லை. அவற்றின் மீதுள்ள சிறு அடையாளம் ஒன்று மாற்றப்பட்டிருக்கும், அவ்வளவே. பதற்றத்தில் நாம் எடுக்கும் தவறான நடவடிக்கையே உண்மையான இழப்பை உண்டாக்குகிறது.

கோப்பின் பண்புகள்

விண்டோஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், அளவு, தேதி ஆகியவற்றுடன் சில பண்புகளும் பதிவாகின்றன. அவற்றுள் நான்கு பழமையானவை. ‘ரீட் ஒன்லி’ என்பது கோப்பைப் படிக்கலாம், திருத்தலாகாது எனக் குறிப்பது. ‘ஹிடன்’ என்பது சாதாரணப் பார்வையிலிருந்து மறைப்பது. ‘சிஸ்டம்’ என்பது இயங்குதளத்துக்கே உரியது எனக் காட்டுவது. ‘ஆர்கைவ்’ என்பது காப்புப்படி எடுக்கப்பட வேண்டியது என அறிவிப்பது. டாஸ் இயங்குதளக் காலம் முதல் இவை வழக்கில் உள்ளன.

பென் டிரைவ் வழியே பரவும் தீநிரல்களுள் ஒரு வகை இந்த ஏற்பாட்டையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. நம் கோப்புறைகளுக்கு ‘ஹிடன்’, ‘சிஸ்டம்’ ஆகிய இரு பண்புகளையும் ஒருங்கே ஏற்றி மறைத்துவிட்டு, அதே பெயர்களில் ‘ஷார்ட்கட்’ சின்னங்களை வைக்கிறது. நாம் அச்சின்னத்தைச் சொடுக்கினால் கோப்புறை திறப்பது போலத் தோன்றும். பின்னணியில் தீநிரலும் இயங்கத் தொடங்கும். பலர் பயன்படுத்தும் ஜெராக்ஸ் கடைக் கணினியிலோ இணைய மையக் கணினியிலோ ஒருமுறை செருகினாலே பென் டிரைவில் இது தொற்றிக்கொள்ள வாய்ப்புண்டு.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

எந்தச் சின்னத்தையும் சொடுக்க வேண்டா. ‘ஃபார்மட்’ செய்யும்படி யார் கூறினாலும் உடன்பட வேண்டா. பென் டிரைவின் பெயர்மீது வலப்பக்கச் சொடுக்கு செய்து ‘பிராப்பர்டீஸ்’ என்பதைத் திறந்து பாருங்கள். சாளரத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும், பயன்படுத்தப்பட்ட இடம் சில நூறு மெகாபைட் என்றோ சில ஜிகாபைட் என்றோ அங்கே காட்டினால், உங்கள் ஆவணங்கள் உள்ளே இருக்கின்றன என்று நம்பலாம். ஏறக்குறைய ஒன்றுமே பயன்படுத்தப்படவில்லை என்று காட்டினால் சிக்கல் வேறு. அப்போது அதில் புதிதாக எதையும் எழுதாமல், கோப்பு மீட்பில் தேர்ந்தவரை நாடுவதே நன்று.

மீட்கும் முறை

முதற்கண், ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ அல்லது நீங்கள் பயன்படுத்தும் பாதுகாப்பு மென்பொருள் கொண்டு கணினியையும் பென் டிரைவையும் முழுமையாகச் சோதியுங்கள். தீநிரல் நீங்காத கணினியில் கோப்புகளை வெளிக்கொணர்ந்தாலும் அவை மீண்டும் மறைக்கப்படும்.

அடுத்து, பென் டிரைவுக்குக் கணினி வழங்கியுள்ள எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ‘எஃப்’ என வைத்துக்கொள்வோம். ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தி ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்னும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, பின்வருவனவற்றை ஆங்கில எழுத்துகளில் ஒரே வரியில் தட்டச்சு செய்க:

1. ஏ, டி, டி, ஆர், ஐ, பி என்னும் ஆறு எழுத்துகளாலான ‘அட்ரிப்’ கட்டளை; பின் ஓர் இடைவெளி.
2. கழித்தல் குறியை ஒட்டி எச், இடைவெளி, கழித்தல் குறியை ஒட்டி எஸ், இடைவெளி, கழித்தல் குறியை ஒட்டி ஆர், இடைவெளி.
3. எஃப், முக்காற்புள்ளி, இடப்புறம் சாய்ந்த கோடு, நட்சத்திரக் குறி ஆகியவை இடைவெளியின்றி. பின் ஓர் இடைவெளி.
4. வலப்புறம் சாய்ந்த கோட்டை ஒட்டி எஸ், இடைவெளி, அதே கோட்டை ஒட்டி டி.

பின்னர் ‘என்டர்’ விசையை அழுத்துக. கழித்தல் குறிகள் மூன்றும் ‘ஹிடன்’, ‘சிஸ்டம்’, ‘ரீட் ஒன்லி’ ஆகிய பண்புகளை நீக்குகின்றன. இறுதியில் உள்ள எஸ் உட்கோப்புறைகளுக்கும், டி கோப்புறைகளுக்கும் கட்டளையை விரிக்கின்றன. கோப்புகள் மிகுதியாயின் சில நிமிடங்கள் ஆகலாம்.

‘பிராப்பர்டீஸ்’ சாளரத்தில் ‘ஹிடன்’ என்பதற்கான கட்டம் மங்கலாகி, மாற்ற இயலாமல் நிற்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். ‘சிஸ்டம்’ பண்பு உடனிருப்பதே அதற்குக் காரணம். ஆகவேதான் இரண்டையும் சேர்த்து நீக்கும் இக்கட்டளை தேவைப்படுகிறது.

ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் நிறுவப்பட்டுள்ள ‘சி’ டிரைவின்மீது இக்கட்டளையை ஒருபோதும் இயக்கலாகாது. இயங்குதளம் தன் தேவைக்காக மறைத்து வைத்துள்ள கோப்புகளும் வெளிப்பட்டு, அறியாமல் அழிக்கப்பட நேரிடும்.

கோப்புறைகள் தோன்றியதும், போலி ‘ஷார்ட்கட்’ சின்னங்களை நீக்குங்கள். சில வேளைகளில் ஆவணங்கள் அனைத்தும் பெயரற்றதுபோல் தோன்றும் ஒரு கோப்புறைக்குள் நகர்த்தப்பட்டிருக்கும். அதனையும் திறந்து பாருங்கள். ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்னும் கோப்புறை தென்பட்டால் அஞ்ச வேண்டா. அது விண்டோஸ் தானே உருவாக்கிக்கொள்வது. தேவையான ஆவணங்களை வேறிடத்தில் படியெடுத்த பின்னரே பென் டிரைவை ‘ஃபார்மட்’ செய்யலாம்.

திருத்த இயலாத கோப்பு

கோப்பு திறக்கிறது, ஆனால் திருத்தியதைச் சேமிக்க முடியவில்லை என்றால், ‘பிராப்பர்டீஸ்’ சாளரத்தில் ‘ரீட் ஒன்லி’ கட்டத்திலுள்ள குறியை நீக்கினால் போதும். இணையத்திலிருந்து பதிவிறக்கிய கோப்பாயின் அதே சாளரத்தில் ‘அன்பிளாக்’ என்னும் கட்டமும் காணப்படலாம். அது பாதுகாப்புக்கானது, அனுப்பியவர் யார் என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டா.

மறைத்தல் பூட்டுதல் ஆகாது

கடவுச்சொற்களையும் ஏடிஎம் பின் எண்ணையும் ஒரு கோப்பில் எழுதி, அதற்கு ‘ஹிடன்’ பண்பு இட்டுவிட்டால் பாதுகாப்பு என்று எண்ணுவோர் உளர். ‘வியூ’ பட்டியலில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கும் எவருக்கும் அக்கோப்பு தெரியும். திரைச்சீலையைக் கதவென்று கருதலாகாது. அதே பட்டியலில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதையும் தேர்ந்தெடுத்து வையுங்கள். பிடிஎஃப் போலப் பெயர் சூட்டிக்கொண்டு, இறுதியில் ‘இஎக்ஸ்இ’ என முடியும் போலிக் கணக்கு அறிக்கைகளை அப்போது எளிதில் இனங்காணலாம்.

மீட்ட பின்னர்

தீநிரல் இருந்த கணினியில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்தியிருந்தால், தூய்மையான வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். கோப்புகளை மீட்டுத் தருவதாகத் தொலைபேசியில் கூறி, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்பவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஓடிபி எண்ணை எவருக்கும் தெரிவிக்காதீர்கள். கணக்கில் நீங்கள் அறியாத பரிவர்த்தனை தென்பட்டால் வங்கிக்கும், தேசிய இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் தாமதமின்றித் தெரிவியுங்கள். நடுவண் அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா, தீநிரல் நீக்கும் கருவிகளைக் கட்டணமின்றி வழங்குகிறது.

பண்பை மாற்றி மறைத்த கோப்பை ஒரு வரிக் கட்டளையால் மீட்டுவிடலாம். பழுதடைந்த பென் டிரைவிலிருந்து மீட்பது அவ்வளவு எளிதன்று. எனவே இன்றியமையாத ஆவணங்களுக்கு வேறிடத்தில் இன்னொரு படி வைத்திருப்பதை நாம் அனைவரும் வழக்கமாக்கிக்கொள்வோம்.