வீடு கிடைத்தாயிற்று, இனி தேவை என்ன என்று யாரிடம் கேட்பது?

2021 பிப்ரவரியில் நம் திருப்பூரில் வீரபாண்டியில் 1,280, திருக்குமரன் நகரில் 1,248 என ஏழைகளுக்கான அடுக்குமாடி வீடுகள் திறந்து வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 400 சதுர அடி. ரேஷன் கடை, அங்கன்வாடி, நூலகமும் திட்டத்தில் இருந்தன. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இது பனியன் ஊர். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தாய் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால், வெளியே வர இரவு எட்டு, எட்டரை ஆகிவிடும். அங்கன்வாடியோ சாயங்காலத்துக்குள் பூட்டப்படும். நடுவில் உள்ள அந்த நாலு மணி நேரம் பிள்ளை யாரிடம் இருக்கும்? பழைய தெருவில் நன்னியும் மாமியும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். புது பிளாக்கில் எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாது. கடைசியில் பத்து வயது அக்காதான் தம்பிக்குக் காவல்.

உதவ நினைக்கும் ஜமாஅத்தோ அறக்கட்டளையோ இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், கேட்கும் விதம் முக்கியம். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றால் ரோடு, தண்ணீர், லைட் என்றுதான் பதில் வரும். அவையும் வேண்டியவைதான், ஆனால் அந்த நாலு மணி நேரம் அதில் வராது. "நேற்று சாயங்காலம் பிள்ளை எங்கே இருந்தது? கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது எத்தனை பஸ் மாறினீர்கள்? அன்றைய கூலி போயிற்றா?" என்று நடந்ததைக் கேட்க வேண்டும்.

நேரமும் பார்க்க வேண்டும். வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குப் போனால் பெரியவர்கள்தான் கதவைத் திறப்பார்கள். டெய்லரும் செக்கிங் பெண்ணும் கணக்கிலேயே வர மாட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் போகலாம். பெண்களிடம் பெண்களே தனியாகப் பேசினால் நல்லது. அத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் சொல்வதுதான் வீட்டின் பதில். நம் வீடுகளோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. மாலை நேரக் காப்பகம் என்று ஒன்று வந்தால் அது அந்த பிளாக்கின் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான்.

அதிகம் பேர் கேட்டதே முதல் தேவை என்று எடுத்துக்கொள்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. மாடியிலிருந்து இறங்க முடியாத முதியவர் ஒருவர்தான் இருப்பார். கை தூக்கச் சொன்னால் தோற்றுப்போவார். அவருக்கு நாம் பணம் செலவழிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டத்தை அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. அவர் பெயர் அதில் சேருமா என்று விசாரித்து, கூடவே அலைய ஓர் ஆள் போதும். இப்படி மனு எழுதித் தீர்ப்பவற்றைத் தனியே பிரித்துவிட்டால், சந்தாப் பணம் காப்பகம் போன்றவற்றுக்கு மிஞ்சும்.

கடன், நோய், குடும்பச் சண்டை பற்றிக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. சொன்னால், அது பெயரோடு பள்ளிவாசல் வராந்தாவில் பேசப்படாது என்ற உறுதியை வருபவரிடம் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.