நிலாப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

மாணவர்களே, உங்கள் கணினியைத் திறந்தவுடன் திரையின் பின்னணியில் என்ன படம் தெரிகிறது? சிலர் நடிகரை வைத்திருப்பீர்கள். சிலர் காற்பந்து வீரரை. நிலா, சனிக்கோள் என்று வாரம் ஒரு விண்வெளிப் படத்தை மாற்றுகிறவர்களும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள்.

விண்வெளிப் படம் அழகானதுதான். ஆனால், அது ஓர் அளவீடும்கூட. அப்படி ஒரு படத்தை அளவீடாகப் பார்த்த கணினி ஆர்வலர் ஒருவர், நாசா தேடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அவர் சண்முக சுப்பிரமணியன். சென்னையில் கணினித் துறையில் வேலை பார்த்த பொறியாளர். அப்போது அவருக்கு வயது 33.

விக்ரம் எங்கே?

2019 செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2 திட்டத்தின் ‘விக்ரம்’ கலம், நிலாவின் தென் துருவத்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் தரையிறங்க வேண்டியிருந்தது. கடைசிக் கட்டத்தில் தொடர்பு அறுந்தது. மூன்று நாள் கழித்து, தன் சுற்றுக்கலன் விக்ரமைக் கண்டுவிட்டதாக இஸ்ரோ அறிவித்தது. ஆனால் அப்போது படம் வெளியிடவில்லை.

2009 முதல் நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம், செப்டம்பர் 17-இல் அந்த இடத்தைப் படம்பிடித்தது. அதில் விக்ரமை நாசா குழுவால் அடையாளம் காண முடியவில்லை. செப்டம்பர் 26-இல் அந்தப் படத்தை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள்.

ஒரு புள்ளி எவ்வளவு பெரிது?

எண்முறைப் படம் ‘பிக்சல்’ எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலாத் தரையில் 1.3 மீட்டர். அந்த அளவில் நம் சாலையைப் படமெடுத்தால், மைவி காரின் நீளம் மூன்றே புள்ளிகள்!

உங்கள் திரை 1920 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 1920-ஐ 1.3-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர். பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலிலிருந்து மெர்டேக்கா சதுக்கம் வரை அந்த அகலத்தில் அடங்கிவிடும். அதற்குள் ஒரு மைவியைத் தேடுவது எவ்வளவு கடினம்! விக்ரமோ உடைந்து சிதறிக் கிடந்தது.

நிழல் இன்னொரு சிக்கல். செப்டம்பர் படம் எடுத்தபோது சூரியன் அடிவானத்திலிருந்து 6 பாகை உயரத்தில்தான் இருந்தது. மாலை ஏழு மணிக்குச் சற்று முன் பள்ளித் திடலில் உங்கள் நிழல் எப்படி நீண்டு கிடக்கும்? அதே கதைதான். கணிதப் பாடத்தில் படித்த ‘டான்’ விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: ஒரு மீட்டர் உயரக் கல்லின் நிழல் 9.5 மீட்டர் நீளும். நிழலுக்குள் எதுவும் ஒளிந்துகொள்ளலாம்.

இரண்டு மடிக்கணினிகள்

சண்முக சுப்பிரமணியன் கையாண்ட முறை எளிமையானது. இரண்டு மடிக்கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் அந்த இடத்தின் பழைய படம். மற்றொன்றில் புதிய படம். பாறையோ பள்ளத்தின் விளிம்போ பளிச்சென்று தெரிந்தால், அது பழைய படத்திலும் இருக்கவேண்டும். புதிய படத்தில் மட்டும் இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது. ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி அப்படிச் சிக்கியது.

ஒரு புள்ளியை வைத்து முடிவுக்கு வந்துவிடலாமா? கூடாது. அக்டோபரில் அவர் தம் கண்டுபிடிப்பை நாசாவுக்குத் தெரிவித்தார். அறிவியலாளர்கள் அதை உடனே ஏற்கவில்லை. பழைய படங்களோடும் பிறகு எடுத்த படங்களோடும் ஒப்பிட்டார்கள். நவம்பர் படத்தில் ஒரு புள்ளி 0.7 மீட்டர், சூரியனும் 18 பாகை உயரத்தில் இருந்தது. அதில் மோதிய இடமும் சிதறல்களும் தெரிந்தன. பெரிய துண்டுகள்கூட இரண்டுக்கு இரண்டு புள்ளிகள்தாம், அதாவது 1.4 மீட்டர். சண்முகம் கண்ட துண்டு, மோதிய இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் வடமேற்கில் கிடந்தது.

டிசம்பர் 2-இல் நாசா அவர் பெயரைக் குறிப்பிட்டே செய்தியை அறிவித்தது. வெளியிட்ட படத்தில் அந்தத் துண்டின் அருகே ‘எஸ்’ என்ற எழுத்தைப் போட்டது.

உங்களுக்கும் வாய்ப்புண்டு

2016 முதல் வியாழனைச் சுற்றும் ஜூனோ கலத்தின் கேமரா அனுப்பும் மூலப் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. நாம் திரையில் வைத்து ரசிக்கும் வியாழன் படங்கள் பலவற்றுக்கு நிறம் கூட்டி மெருகேற்றியவர்கள் சாதாரண ஆர்வலர்களே.

இந்த விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள். எல்.ஆர்.ஓ. படங்கள் ‘குவிக்மேப்’ என்ற இலவச நிலா வரைபடத்தில் உள்ளன. அதில் அமைதிக் கடல் பகுதிக்குப் போய், 1969-இல் அப்போலோ 11 விட்டுவந்த கலத்தின் அடிப்பாகத்தைத் தேடுங்கள். அதன் அகலம், கால்களைச் சேர்க்காமல், சுமார் 4 மீட்டர். ஒரு புள்ளி 0.5 மீட்டர் என்றால் அது எத்தனை புள்ளி அகலம் இருக்கும்? முதலில் கணக்கைப் போடுங்கள், பிறகு தேடுங்கள்.