பெய்யா, பேயா?

பேச்சு, சைகை, மௌனம், எழுத்து என்று மனிதர் மனம் திறக்கும் வழிகள் பல. இவற்றுள் எளிதில் ஏமாற்றிவிடுவது எழுத்துதான். ஓலைச்சுவடியில் எகர, ஒகரத்தின் மேல் புள்ளி வைக்காமல் விடுவார்கள், ஓலை கிழிந்துவிடுமே! அதனால் ‘பெய்’, ‘பேய்’ இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தா.பழூரிலிருந்து நாம் திருப்பயணம் போகும் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர்தான் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுவேறு வடிவம் தந்தார். 1680-இல் இத்தாலியில் பிறந்தவர் நம் பேச்சை எவ்வளவு உற்றுக் கேட்டிருக்க வேண்டும்!

ஆனால், குரலின் தொனிக்கு இன்னும் எழுத்தில்லை. கைப்பேசியில் வந்த ஒரு ‘சரி’க்காக மாதக்கணக்கில் பேசாமலிருக்கும் அண்ணன் தம்பிகள் நம் பங்குகளில் உண்டு. அது சம்மதமா, கோபமா? நேரில் போய்க் கேட்டால் முகமே சொல்லிவிடும்.