முதுமையிற் சருமம் பேணல்: சிறு செலவும் பெரும் பயனும்

சென்ற ஆண்டு நடைபெற்ற எமது பழைய மாணவர் ஒன்றுகூடலிலே, மதிய விருந்து முடிந்தபின், ஒரே வகுப்பிற் பயின்ற நாங்கள் அறுவர் வேப்பமர நிழலில் அமர்ந்திருந்தோம். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். பேரப்பிள்ளைகளைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததும் உடம்பைப் பற்றிய பேச்சுத் தொடங்கியது. ஒருவர் தம் கைத்தோல் கடதாசிபோல மெலிந்துவிட்டது என்றார். மற்றொருவர் காலரிப்பினால் இரவில் உறக்கமில்லை என்றார். இன்னொருவர், கனடாவிலிருந்து மகள் அனுப்பிய ஏழு குப்பிகளுள் எதனை எப்போது பூசுவது என்று என்னிடம் கேட்டார். மருந்தாளனாக நெடுங்காலம் தொழில் பார்த்தவன் நான் ஆதலின் அவ்வினா என்னிடம் வந்தது. அன்று கூறிய விடையையே, இம்மலரின் ஆசிரியர் வேண்டியபடி, இங்கே சற்று விரித்து எழுதுகின்றேன்.

அன்று எம்மோடிருந்தவர்களுள் ஒருவர், வகுப்பிலே என் பக்கத்து வாங்கில் இருந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நீரிழிவு உடையவர். அவர் கதையை அவருடைய அனுமதியோடு சொல்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து, முகச்சுருக்கத்தை நீக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு களிம்பை அவர் வாங்கினார். முகத்துக்கு அது மாதந்தோறும் கிடைத்தது. முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு, செதிள் எழுந்து, வெடித்துக் கிடந்தது. அதற்கு யாதும் கிடைக்கவில்லை. சோளகக் காற்று வீசும் காலத்தில் அரிப்பு மிகுந்தது. சொறிந்த இடம் புண்ணாயிற்று. புண்ணிற் கிருமி புகுந்தது. ஆறு கிழமை வைத்தியசாலையிற் கிடந்து, ஒரு கால்விரலை இழந்து அவர் வீடு திரும்பினார். சருமம் பேணல் பெண்களுக்கும் பணக்காரருக்கும் உரிய ஆடம்பரம் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். தோல் அழகுக்கு உறையன்று, உடம்புக்கு மதில். முதுமையில் முதலிற் காக்க வேண்டியது அந்த மதிலையே.

முதுமையிலே தோலுக்கு நேர்வது யாது? மேற்றோலின் கலங்கள் அடியிற் பிறந்து, மேலெழுந்து, உதிர்ந்து போகின்றன. இளமையில் ஏறக்குறைய 28 நாள்களில் முடியும் இச்சுற்று, முதுமையில் 40 நாளுக்கு மேலும் நீளும். எண்ணெய்ச் சுரப்பு குறைகின்றது. மேற்படையின் கலங்களுக்கிடையே சாந்துபோல நின்று நீரைக் காக்கும் கொழுப்புப் பொருள்களும் குறைகின்றன. ஆதலின் உள்ளிருக்கும் நீர் ஆவியாய் வெளியேறுகின்றது, தோல் வறள்கின்றது, அரிக்கின்றது. உட்டோலிலே தாங்குதூண்களாக உள்ள கொலாசன் என்னும் புரதமும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைவதனாற் சுருக்கமும் தளர்வும் உண்டாகின்றன.

இவையெல்லாம் காலத்தின் செயலென்று சொல்லிவிடுதற்கில்லை. வெயிலின் செயலும் இதிற் பெரும்பங்கு உடையது. 2012ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழொன்று 69 வயதுடைய பாரவண்டிச் சாரதி ஒருவரின் படத்தை வெளியிட்டது. 28 ஆண்டுகள் வண்டியோட்டிய அவருடைய முகத்தின் இடப்பக்கம், யன்னலோரம் இருந்தமையால், தடித்துத் தொங்கிச் சுருங்கியிருந்தது. வலப்பக்கமோ பல ஆண்டு இளையவர் முகம்போல் இருந்தது. இருபக்கத்துக்கும் வயது ஒன்றே. பட்ட வெயில் வேறு. சுருக்கத்தை உண்டாக்கும் நெடிய ஊதாக்கடந்த கதிர்கள் கண்ணாடியை ஊடுருவிச் செல்வன. எம் நாட்டிற் சாரதிக்கு வலப்பக்கமே அவ்வாறு வெயில் படும்.

இனி, வாங்கத் தக்கவை எவை என்பதைப் பார்ப்போம். முதுமைத் தோலுக்கு இன்றியமையாத பணிகள் மூன்றே: மென்மையாகக் கழுவுதல், நீரைத் தோலினுள் நிறுத்துதல், வெயிலைத் தடுத்தல். குப்பிகள் ஏழாயினும் எழுபதாயினும் இம்மூன்றினுள் அடங்காதன பெரும்பாலும் இல்லாமலும் வாழத்தக்கனவே.

முதலாவது கழுவுதல். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்புச் சற்று அமிலத்தன்மை உடையது. அதன் பீஎச் ஏறக்குறைய 5. சாதாரணச் சவர்க்காரமோ 9 முதல் 10 வரையான காரத்தன்மை உடையது. அது அழுக்கோடு தோலின் கொழுப்பையும் கொண்டுபோகின்றது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீர் வன்னீராதலின், சவர்க்காரம் அந்நீரோடு சேர்ந்து படிவாகித் தோலில் ஒட்டிநின்று மேலும் உறுத்தும். ஆகையால் நாள்தோறும் உடல் முழுவதும் சவர்க்காரம் தேய்த்தல் வேண்டாம். கக்கம், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் இட்டு, ஏனைய இடங்களை நீராற் கழுவினாற் போதும். கொதிநீர் ஆகாது; இளஞ்சூட்டு நீரிற் பத்து நிமிடத்துக்குள் நீராட்டை முடித்தல் நன்று. இதற்குச் செலவில்லை, சவர்க்காரச் செலவு குறையவுங் கூடும்.

இரண்டாவது ஈரங்காத்தல். கடையில் விற்கும் ஈரங்காக்கும் களிம்புகள் யாவும் மூவகைப் பொருள்களின் கலவையே. தோலின்மேல் மூடிபோல் நின்று நீரைத் தடுப்பன ஒருவகை. நீரை ஈர்த்து வைத்திருப்பன ஒருவகை. செதிள்களின் இடைவெளியை நிரப்பி வழவழப்பாக்குவன ஒருவகை. முதல்வகையுள் தலைசிறந்தது பெற்றோலியக் களி. இதனை ‘வசிலீன்’ என்னும் பெயரோடு அமெரிக்கராகிய றொபேட் செஸ்புறோ 1872ஆம் ஆண்டிலே காப்புரிமை செய்தார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், நீரிழப்பைத் தடுப்பதில் அதனை வென்ற பொருள் அரிது. அதுவே மிக மலிவானதும் ஆகும். இரண்டாம் வகையுட் கிளிசரின் மலிவானது. விலையுயர்ந்த பல களிம்புகளிலும் நீருக்கு அடுத்ததாக எழுதப்பட்டிருப்பது அதுவே. குதிக்கால் வெடிப்புக்கு 10 வீதம் யூரியா கலந்த களிம்பு நன்று.

எங்கள் தேங்காயெண்ணெயைக் குறித்தும் பலர் கேட்பர். 2004ஆம் ஆண்டிற் பிலிப்பைன்சில் வறண்ட தோலுடைய 34 பேரிடம் நடத்திய சோதனையிலே, சுத்தமான தேங்காயெண்ணெய் கனிய எண்ணெய்க்கு நிகராகப் பயன்தந்தது. ஆதலின் கைகால்களுக்கு அதனைப் பூசுவதில் இழிவில்லை. முகப்பரு எழும் இயல்புடையோர் மாத்திரம் முகத்தில் தவிர்க்க.

பூசும் பொருளிலும் பூசும் வேளை முக்கியமானது. நீராடியபின் துவாயால் ஒற்றி, ஈரம் முற்றாக உலருமுன்னரே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூசுக. களிம்பு நீரை உண்டாக்குவதில்லை. இருக்கும் நீரைக் காப்பதே அதன் தொழில். காய்ந்த தோலிற் பூசிவிட்டுப் பயனில்லை என்பவர் பலர். நீரிழிவுடையோர் கால்விரல்களின் இடுக்கிற் பூசலாகாது. அங்கே ஈரந் தங்கிப் பங்கசு வளரும்.

மூன்றாவது வெயிற்காப்பு. அவுஸ்திரேலியாவின் நம்பூர் என்னும் ஊரிலே 1992 முதல் 1996 வரை 55 வயதுக்குக் குறைந்த 903 பேரிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. நாள்தோறும் வெயிற்காப்புக் களிம்பு பூசியவர்களுக்கு, விரும்பியபோது மட்டும் பூசியவர்களிலும் 24 வீதம் குறைவாகவே தோல் மூப்படைந்தது. எம் கபில நிறத் தோலுக்கு இயற்கைக் காப்புச் சிறிது உண்டு; ஆனால் அது முழுமையானதன்று. எம்மவரிற் சுருக்கம் பிந்தி வரினும் கன்னத்திலும் நெற்றியிலும் கரும்படை முந்தி வரும்.

இக்களிம்பு விலையுயர்ந்தது என்பது உண்மை. ஆகவே மலிவானதிலிருந்து தொடங்குக. முற்பகல் பத்து மணிமுதல் பிற்பகல் மூன்று மணிவரை நிழலை நாடுக. எம் ஆசிரியர்கள் கைவிடாத கறுப்புக் குடையையும் நீண்ட கைச் சட்டையையும் பயன்படுத்துக. எஞ்சிய முகம், கழுத்து, புறங்கை ஆகியவற்றுக்கு மட்டும் களிம்பு வாங்குக. எஸ்.பி.எவ். 30 உடையது, தோலைச் சுடும் குறுங்கதிர்களில் ஏறக்குறைய 97 வீதத்தைத் தடுக்கும். 50 உடையது 98 வீதத்தைத் தடுக்கும். இச்சிறு வேறுபாட்டுக்காக இருமடங்கு விலை கொடுத்தல் வேண்டியதில்லை. நெடிய கதிர்களையும் தடுக்கும் என்ற குறிப்பு உறையில் உளதா என்று பார்த்தலே வேண்டுவது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரு விரல்நீளம் எடுக்க வேண்டும். சிக்கனம் கருதி மெல்லிதாகப் பூசினால், உறையில் எழுதிய காப்பிற் சிறுபங்கே கிடைக்கும்.

சுருக்கத்தை நீக்கும் மருந்து உண்மையில் இல்லையோ என்பீர்கள். ஒன்றுண்டு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து வைத்தியர் அல்பேட் கிளிக்மனும் அவர் துணைவரும், முகப்பருவுக்கு வழங்கிய திரெற்றினோயின் என்னும் உயிர்ச்சத்து ஏ வழிப்பொருள் வெயிலாற் கெட்ட தோலையும் திருத்துகின்றது என்று 1986ஆம் ஆண்டு காட்டினர். அது வைத்தியரின் எழுத்துப்படி வாங்குவது. இரவில், பட்டாணியளவு, முதலில் ஒன்றுவிட்டொரு நாள் பூசவேண்டும். பயன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் செல்லும். தொடக்கத்திற் சிவப்பும் உரிதலும் உண்டாகும். கருவுற்ற பெண்கள் பூசலாகாது. கடையிற் கிடைக்கும் ரெற்றினோல் அதன் வலிகுறைந்த உறவு. வறண்டு அரிக்கும் தோலுடையவர், முதலில் வறட்சியைத் தீர்த்துப் பின்னரே இதனை எண்ணுதல் வேண்டும்.

கொலாசன் களிம்பைப் பற்றி ஒரு சொல். தோலின் மேற்படையைக் கடக்கவல்ல மூலக்கூறுகள் பெரும்பாலும் 500 தாற்றனுக்குக் குறைந்த நிறையுடையன. கொலாசனின் நிறை ஏறக்குறைய 300,000 தாற்றன். யானையைத் திறப்புத் துவாரத்தினூடே செலுத்த முனைவது போன்றதே அதனைப் பூசி உட்டோலுக்கு அனுப்ப எண்ணுவது. அது மேலே நின்று ஈரத்தைக் காக்கும். அவ்வேலையைக் கிளிசரின் மிகக் குறைந்த விலையிற் செய்யும். ஆதலின் குப்பியின் முகப்பை விடுத்து, பின்புறத்துப் பொருட்பட்டியலைப் படித்துப் பழகுக. பட்டியலில் அளவால் மிகுந்தது முதலிலும் குறைந்தது பின்னரும் எழுதப்படும். விளம்பரத்திற் பாராட்டிய பொருள் கடைசியில் நின்றால், நீங்கள் கொடுப்பது பெயருக்கு விலை.

வீண்செலவினும் கொடியது தீங்கு. வெண்மை தருவதாகக் கூறிப் பொருட்பட்டியலின்றி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருக்கக் காணப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பாதரசம் சேர்த்த அழகுப்பொருள்கள் அனைத்தையும் 2025ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதென 2023இல் அதன் உறுப்பு நாடுகள் தீர்மானித்தன. வேறு சில களிம்புகளிற் குளோபெற்றசோல் போன்ற வலிய ஸ்டெரொயிட்டுகள் உள. முதற்கிழமையில் முகம் பொலியும். மாதங்கள் செல்லத் தோல் மெலிந்து நரம்பு தெரியும். ஏற்கெனவே மெலிந்த முதுமைத் தோல் இதனைத் தாங்காது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பெற்றோலியக் களி ஊறிய ஆடையும் படுக்கைவிரிப்பும் தீப்பட்டால் விரைந்து எரியும். அடுப்பருகேயும், கற்பூரம் ஏற்றும்போதும் கருத்தாயிருங்கள். எண்ணெய் பூசிய காலோடு ஈரமான குளியலறைத் தரையில் நடத்தல் ஆகாது. முதுமையில் இடுப்பெலும்பு முறிவு சிறிய விபத்தன்று.

ஈரங்காத்தும் இரண்டு கிழமைக்குள் அரிப்பு அடங்காவிடின் களிம்பை மாற்றிக்கொண்டிராது வைத்தியரிடம் செல்க. சிறுநீரகம், ஈரல், தைரொயிட்டுச் சுரப்பி ஆகியவற்றின் நோய்கள் சில தோலரிப்பாகவே முதலில் தோன்றும். ஆறாத புண்ணையும், வளர்கின்ற அல்லது நிறம் மாறுகின்ற மறுவையும் காலந்தாழ்த்தாது காட்டுக.

ஏழு குப்பிகளின் நண்பருக்கு நான் கூறிய முடிவு இதுதான்: மணமற்ற ஈரங்காக்கும் களிம்பு ஒன்றையும் வெயிற்காப்பு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சிய ஐந்தையும் மகளின் அன்பாக ஏற்று, இனி அனுப்பவேண்டாமென்று எழுதுங்கள். அப்போது, விரலிழந்த நண்பர் தம் வேட்டியைச் சற்று உயர்த்திக் காலைக் காட்டினார். செதிள் இல்லை, வெடிப்பு இல்லை. நாள்தோறும் நீராடியவுடன் பெற்றோலியக் களி பூசுவதாகவும், சிறு குப்பியொன்று நெடுநாள் வருவதாகவும் சொன்னார். “இதை முன்னமே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே” என்றார். அவருடைய வாங்கிலே பக்கத்தில் இருந்த எனக்கு அச்சொல் சுட்டது. அதனாலேயே இதனை எழுதலானேன்.